பழைய பேரீச்சங்கொட்டையை முளைக்க வைத்தது: நிஸ்வா தோட்டத்துக் குறிப்புகள்

கடையில் வாங்கிய பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டு, கொட்டையை ஈரத்துணியில் சுற்றி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் மூன்று வாரத்தில் முளைத்துவிடும். பல பத்தாண்டுகள் சும்மா கிடந்த கொட்டையை எழுப்புவது வேறு வேலை. அதை எப்படிச் செய்தேன், முளைத்தபின் என்ன ஆனது, முளைத்ததை இன்ன ரகம் என்று சொல்லலாமா என்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். ஓமானில் நிஸ்வாவுக்குப் பக்கத்தில் ஒரு பேரீச்சந்தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. வளைகுடாவில் தோட்டவேலை பார்க்கும் நம் ஆட்கள் நிறைய. மரமும் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பவர்கள் செய்து பார்க்கட்டும் என்றுதான் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

கொட்டை கிடைத்தது அர்பாபின், அதாவது தோட்ட முதலாளியின், பழைய மண்வீட்டில். 1970க்குப் பிறகு ஓமானில் ரோடும் கரண்டும் வந்து சிமெண்ட் வீடுகள் எழும்பியபோது, ஊர்ஊராக மண்வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியே வந்தார்கள். இதுவும் அப்படிப் பூட்டிய வீடுதான். உள்ளே பேரீச்சம்பாகு வடிக்கும் அறை ஒன்று உண்டு. தரை முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் சிறு வாய்க்கால்கள். பழமூட்டைகளை அதன்மேல் கூரைவரை அடுக்கினால், அந்தப் பாரத்தில் பாகு கசிந்து வாய்க்கால் வழியே ஓடி ஜாடியில் இறங்கும். அந்த அறையின் மூலையில் இருந்த பெரிய மண்ஜாடி நிறையக் கொட்டை. ஆடுமாடுகளுக்கு ஊறவைத்து இடித்துப் போடச் சேர்த்தது.

ஜாடியைக் கண்டதும் அர்பாபின் அப்பா, பெரியவர், மரங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். கலாஸ், ஃபர்த், கஸாப், நகால் இதெல்லாம் எனக்குத் தெரியும், தினமும் தண்ணீர் விடுகிற மரங்கள். அவர் சொன்ன வேறு சில பெயர்களை நான் எந்தத் தோட்டத்திலும் கேட்டதில்லை. அந்த மரங்கள் எங்கே பாபா என்றேன். ஃபலஜ் (ஊர்ப் பாசன வாய்க்கால்) வற்றிய வருஷங்களில் பட்டுப்போய்விட்டன, மரத்தின் அடியில் வரும் பக்கக்கன்றை யாரும் எடுத்து வைக்கவில்லை என்றார். அவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு பை நிறைய அள்ளி வந்தேன்.

இது நடக்கிற காரியம்தான் என்று நம்ப வைத்தது மசாடா கொட்டையின் கதை. சாக்கடல் ஓரத்தில் இருக்கும் மசாடா மலைக்கோட்டையை 1963 முதல் 1965 வரை யிகேல் யாதின் தலைமையில் தோண்டினார்கள். அப்போது கிடைத்த பேரீச்சங்கொட்டைகள் சுமார் 40 ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருந்தன. மருத்துவர் சாரா சாலன் அவற்றில் சிலவற்றைக் கேட்டு வாங்கி, தெற்கு இஸ்ரேலில் அரவா பாலைவனத்துக் கெத்தூரா கிப்புட்ஸில் (கூட்டுப்பண்ணைக் குடியிருப்பில்) இருந்த எலைன் சோலோவியிடம் கொடுத்தார். 2005 ஜனவரியில் சோலோவி மூன்று கொட்டைகளை ஊன்ற, ஒன்று முளைத்தது. அதற்கு மெத்தூசலா என்று பெயர் வைத்தார்கள். சுமார் 2000 ஆண்டு பழைய கொட்டை என்பதை அவர்கள் உறுதி செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கன்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றும்போது வேரில் ஒட்டிக்கொண்டிருந்த கொட்டை ஓட்டின் துணுக்குகளை எடுத்து, வயதைச் சொல்லும் கார்பன் கணக்குப் பார்த்தார்கள். இன்னொரு கொட்டையை அளந்து, இதுவும் அந்த வயதுதான் என்று சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போனது. 2008இல் சயின்ஸ் இதழில் இது வெளிவந்தது.

அப்புறம் மசாடா, கும்ரான், ஜெரிக்கோ பக்கத்து வாதி மக்கூக் குகைகள் ஆகிய இடங்களின் கொட்டைகளில் நல்லதாகப் பார்த்து 32ஐ ஊன்றினார்கள். முளைத்தவை 6. ஆதாம், யோனா, உரியேல், போவாஸ், யூதித், ஹன்னா என்று பெயர். மெத்தூசலா ஆண். ஹன்னா பெண். மெத்தூசலாவின் மகரந்தத்தை ஹன்னாவின் பாளையில் வைத்து 2020இல் 111 பழம் பறித்தார்கள். ஈராக்கின் சாஹிதி ரகத்துக்கு நெருக்கமான பழம் என்றார்கள். அந்தக் காலக் கொட்டைகள் இன்றைய கொட்டைகளைவிட 30 சதவீதம் வரை பெரிதாக இருந்ததையும் அளந்து எழுதியிருக்கிறார்கள்.

என் ஜாடிக் கொட்டைக்கு வயது அந்தக் கணக்கில் ஒன்றுமே இல்லை, 40 ஆண்டு சொச்சம். ஆனாலும் மசாடாவில் கொட்டையைக் காப்பாற்றியது எதுவோ அதுவேதான் இந்த அறையிலும் இருந்தது: மழை எட்டாத வறட்சி. விதைக்குள் ஈரம் ஏறினால் கரு விழிக்கும், அல்லது பூசணம் ஏறிச் சாகும். ஈரமே படாவிட்டால் உறங்கிக்கொண்டே இருக்கும். பேரீச்சங்கொட்டையின் உள்ளீடு ஆணியால் கீறினாலும் இறங்காத கெட்டி. கரு அதற்குள் ஒரு மூலையில் கடுகளவுதான்.

முதலில் தரம் பிரித்தேன். பொடித்துளை இருந்தால் வண்டு குடைந்தது, தள்ளிவிடலாம். தண்ணீரில் போட்டு மிதந்தால் அதுவும் வேண்டாம். மிச்சத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் நீளவாக்கில் பள்ளம் இருக்கும், எல்லோருக்கும் தெரிந்தது. மறுபக்கம் முதுகின் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வட்டப் புள்ளி இருக்கும். கரு அந்தப் புள்ளிக்கு நேர் உள்ளேதான் இருக்கிறது. அந்த இடம் உடைந்தோ கறுத்தோ இருந்தால் எவ்வளவு நல்ல கொட்டையாக இருந்தாலும் எடுக்கவில்லை. உப்புத்தாளால் தேய்த்தால் சீக்கிரம் முளைக்கும் என்று சிலர் சொல்வார்கள். புதுக்கொட்டையில் செய்து கொள்ளட்டும். பழசில் ஓடும் உள்ளீடும் காய்ந்து நொறுங்கும் பதத்தில் இருக்கும், கை தவறினால் கருவுக்கே போய்விடும்.

சோலோவி செய்த வரிசையை ஒட்டியே நானும் செய்தேன்: முதலில் தண்ணீர், பிறகு ஜிப்ரலிக் அமிலம் (முளைப்பைத் தூண்டும் தாவர ஹார்மோன்), பிறகு வேர் ஊக்கி, கடைசியில் இயற்கை உரக்கரைசல். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில். ஆறியதும் மாற்றி மாற்றி ஒரு முழு நாள் ஊறவிட்டேன். முதல் தண்ணீர் தேயிலைச் சாயத்தில் இறங்கும், இரண்டு மூன்று முறை மாற்றியதும் தெளியும். ஜிப்ரலிக் அமிலம் உரக்கடையில் தூளாகக் கிடைக்கும். நேராகத் தண்ணீரில் கரையாது. கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்துக்கொண்டு தண்ணீரில் ஊற்ற வேண்டும். லிட்டருக்கு அரை கிராம் கணக்கு. அதில் ஆறு மணி நேரம், வேர் ஊக்கியில் ஆறு மணி நேரம், கடற்பாசிக் கரைசலில் ஓர் இரவு. இதோடு சேர்த்து அந்த வருஷத்துக் கலாஸ் கொட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க அதே மாதிரி ஊறவைத்தேன். இது ரொம்ப முக்கியம். புதுக்கொட்டை முளைத்துப் பழசு முளைக்காவிட்டால் குறை கொட்டையில். இரண்டுமே முளைக்காவிட்டால் குறை நம் பக்குவத்தில்.

பிறகு கொதிக்க வைத்து ஆற்றிய மணலையும் தென்னைநார்த் தூளையும் கலந்து, பிழிந்தால் சொட்டு விழாத ஈரத்தில் மூடிபோட்ட டப்பாவில் பரப்பி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தேன். ஏசி இல்லாத மோட்டார் ரூமில் வைத்தேன். மே மாதத்தில் அங்கே பகலில் 35 டிகிரிக்குக் குறையாது. அதுதான் வேண்டியது. இரண்டு நாளைக்கு ஒருமுறை திறந்து காற்று விட்டு, பூசணம் வந்த கொட்டையை எடுத்துக் கழுவி ஹைட்ரஜன் பெராக்சைடில் முக்கித் திரும்ப வைத்தேன். பழைய கொட்டைகளில் பெரும்பாலானவை அழுகின. நசுக்கினால் உள்ளே பால் நிறம் போய்ப் பழுப்பாகக் குழைந்திருக்கும், புளித்த வாடை அடிக்கும். கலாஸ் மூன்று வாரத்தில் முளைத்து இலையும் விட்டுவிட்டது. ஜாடிக் கொட்டையில் அசைவே இல்லை. டப்பாவைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். இரண்டு மாதம் தாண்டிய பிறகு ஒரு கொட்டையின் முதுகுப் புள்ளி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு மூடி கழன்று, வெள்ளையாகத் தண்டு எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் இன்னும் சில.

பனங்கொட்டையை மண்ணில் பாவிக் கிழங்கு எடுத்த ஊர்க்காரர்களுக்கு அடுத்து நடப்பது புதிதாக இருக்காது. பேரீச்சையும் அதே குடும்பம், அதே வழிதான். கொட்டை இருந்த இடத்திலேயே கிடக்கும். வெளியே வந்த தண்டு கீழ்நோக்கி இறங்கி, அதன் நுனியில்தான் வேரும் குருத்தும் பிரியும். பனங்கொட்டையை வெட்டினால் தவுண் இருக்குமே, அதே வேலையைச் செய்யும் சின்னத் தவுண் ஒன்று பேரீச்சங்கொட்டைக்கு உள்ளேயும் வளரும். அந்தக் கல்லுக் கெட்டியான உள்ளீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கன்றுக்கு ஊட்டும். அதனால் கன்று வந்துவிட்டதே என்று கொட்டையைப் பிய்த்துவிடக் கூடாது. அதுவாகச் சுருங்கி உதிர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அதுதான் சாப்பாடு.

தண்டு ஒரு விரற்கடை நீண்டதும் பிவிசி பைப்புக்கு மாற்றினேன். நாலு அங்குல பைப், முழங்கை நீளம், அடியில் வலை. அகலத் தொட்டி இதற்குச் சரிப்படாது. வேர் நேராகக் கீழே இறங்குகிற சுபாவம், அடி முட்டினால் சுருளும், சுருண்ட வேர் பிறகு நிமிராது. இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு தென்னைநார்த் தூள், ஒரு பங்கு பெர்லைட். முதல் இலை மட்டை மாதிரியே இருக்காது. நீள வரி விழுந்த ஒற்றை இலையாகத்தான் வரும். கிழிந்த இலை, அதாவது மட்டை வடிவம், வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். இரண்டாவது வருஷம் முடிந்து பிப்ரவரியில் நிலத்துக்கு மாற்றினேன். எட்டு மீட்டர் இடைவெளி. குருத்து மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், தண்ணீர் கட்டும்போது குருத்துக்குள் போனால் கன்று அழுகிவிடும்.

இனி ரகம் பற்றிய விஷயம். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பேரீச்சையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. கொட்டையில் அம்மாவின் பாதி, எந்த ஆண்மரத்து மகரந்தத் தூள் வந்ததோ அதன் பாதி. கலாஸ் கொட்டை போட்டால் கலாஸ் வராது. கலாஸின் பிள்ளை வரும், சாயல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பாதிக்குப் பாதி ஆணாகவும் இருக்கும். ஒரு ரகம் அப்படியே நீடிக்க ஒரே வழி, தாய்மரத்தின் அடியில் வரும் பக்கக்கன்றைப் பிரித்து நடுவது. இப்போது திசுவளர்ப்பும் உண்டு, அதுவும் தாயின் நகல்தான். ஆகவே பெரியவர் பெயர் சொன்ன அந்த மரங்கள் திரும்ப வராது. மெத்தூசலாவும் அப்படித்தான். அதை "பழைய யூதேயா ரகம் மீண்டது" என்று செய்திகளில் எழுதினார்கள் (மசாடா, ஜெரிக்கோ இருக்கும் பகுதியின் பழைய பெயர் யூதேயா). மீண்டது அந்தக் காலத்து மரக்கூட்டத்தின் ஒரு வாரிசு. ஜெரிக்கோ சந்தையில் ரோமானியர்கள் வாங்கித் தின்ற ஒரு குறிப்பிட்ட மரத்தின் பழத்தை அது தராது. ஆனால் அந்தக் கூட்டத்தின் மரபணுவில் என்னென்ன இருந்தன என்பதை உயிரோடு கையில் தருகிறது. அந்த ஏழு மரங்களையும் ஆராய்ந்ததில் கிழக்கே அரேபியா, ஈராக் பக்கத்துப் பேரீச்சையும் மேற்கே வட ஆப்பிரிக்கப் பேரீச்சையும் அங்கே கலந்திருந்தது தெரிந்தது. என்னைக் கேட்டால், ரகம் திரும்பியது என்ற செய்தியைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

பக்கக்கன்றை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மெஜூல் நல்ல சாட்சி. இன்று உலகம் முழுக்க விற்கும் அந்தப் பெரிய பழம் மொராக்கோவுடையது. அங்கே பயூத் என்ற பூசண நோய் மரங்களை அழித்துக்கொண்டிருந்தபோது, 1927இல் வால்டர் ஸ்விங்கிள் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் பூதெனிப் என்ற பாலைவனச் சோலையிலிருந்து ஒரே மரத்தின் 11 பக்கக்கன்றுகளை எடுத்துப் போனார். நெவாடாவில் தனிமைப்படுத்தி வளர்த்ததில் 9 பிழைத்தன. அமெரிக்க மெஜூல் தோப்புகளின் மூலம் அந்த ஒன்பதுதான். ஒரு சிலர் பக்கக்கன்று எடுத்ததால் ரகம் பிழைத்தது, சரி. அதே சமயம் இத்தனை தோப்பும் ஒரே மரத்தின் நகல். ஒரு நோய்க்கு ஒன்று பணிந்தால் எல்லாம் பணியும். கொட்டையில் பிறந்த மரங்கள் தோட்டத்தின் ஓரத்தில் கொஞ்சமாவது இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இங்கே பெரும்பாலும் அவற்றை விறகுக்கு வெட்டிவிடுகிறார்கள்.

என் கன்றுகளில் ஒன்று ஏழாவது வருஷம் பாளை விட்டது. ஆண். பாளை பிளந்ததும் மாவு மாவாகத் தூள் உதிர்ந்தது, கோதுமை மாவும் ஈரமும் சேர்ந்த அந்த வாசனை தோட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். அர்பாப் பழம் கிடையாதா என்று கேட்டார். பெரியவர் மட்டும் உடனே ஏணியைக் கொண்டு வரச் சொன்னார். ஆண்மரத்தை இங்கே ஃபஹல் என்பார்கள். நல்ல ஃபஹல் ஒன்று கையில் இருந்தால் அதன் பாளையைக் கேட்டு அக்கம்பக்கத்திலிருந்து வருவார்கள். காரணம் உண்டு. பேரீச்சையில் மகரந்தம் கொடுத்த மரம் எதுவோ அதைப் பொறுத்துக் கொட்டையின் அளவு மட்டுமல்லாமல், அதைச் சுற்றிய சதையின் அளவும் பழுக்கும் காலமும்கூட மாறும். சதை முழுக்கத் தாயுடையது, இருந்தும் மாறும். இதைக் கவனித்து 1928இல் மெட்டாசீனியா என்று பெயர் கொடுத்தவரும் அதே ஸ்விங்கிள்தான்.

அதனால் ஒரே ஃபர்த் மரத்தில் சில குலைகளுக்கு எங்கள் வழக்கமான ஃபஹலின் தூளும், சில குலைகளுக்கு ஜாடி ஆணின் தூளும் வைத்துக் கலர் கயிறு கட்டினேன். முறை பழையதுதான்: பெண்பாளை பிளந்த இரண்டு மூன்று நாளுக்குள், ஆண்பூச் சரங்களில் சிலவற்றை ஒடித்துத் தலைகீழாகப் பெண் சரங்களுக்கு நடுவே செருகி, ஓலைக்கீற்றால் தளர்வாகக் கட்டிவிடுவது. ஜாடி ஆண் வைத்த குலைகள் சற்று முன்னாலேயே நிறம் மாறின, கொட்டை கண்ணுக்குத் தெரியும்படி பருத்திருந்தது. சுவையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பெரியவர் தின்றுவிட்டு இது பழைய ஃபர்த் என்றார். அந்தக் குலைகளின் கொட்டைகளை ஊன்றிவிட்டேன், அவற்றில் பாதி ஜாடியின் சொத்து.

இனி தொந்தரவுகள். தென்னையில் நாம் பார்க்கும் அதே சிவப்புக் கூன்வண்டுதான் இங்கேயும் பெரிய எதிரி. ஆசியாவிலிருந்து 1980களின் நடுவில் வளைகுடாவுக்குள் வந்தது. தஞ்சாவூர், பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை வைத்திருந்தவர்களுக்கு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை: தண்டில் துளை, அதிலிருந்து பழுப்புச் சாறு, மென்று துப்பிய நார், காதை வைத்தால் புழு கறுமுறுவென்று தின்னும் சத்தம். பேரீச்சையில் கூடுதலாக ஒன்று கவனிக்க வேண்டும். பக்கக்கன்றைப் பிரித்த காயத்தின் வாடைக்கு வண்டு தேடி வரும். வெட்டிய அன்றே காயத்துக்கு மருந்து பூசி மண் அணைத்துவிட வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறி வைப்பவர்கள் வாளியில் தண்ணீரும் நசுங்கிய பேரீச்சம்பழமும் போட்டால் நன்றாகப் பிடிக்கும், பொறியைக் கன்றுகளுக்கு நடுவில் வைக்காமல் தள்ளி வைக்கவும். இன்னொன்று டுபாஸ் பூச்சி. சாற்றை உறிஞ்சித் தேன் மாதிரி பிசுபிசுப்பைக் கொட்டும், அதன்மேல் தூசி படிந்து ஓலையே சாம்பலாகிவிடும். இளங்கன்றுக்குத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டாலே பாதி குறையும்.

ஊரில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. மளிகைக்கடையில் சுருங்கிக் கெட்டியாக இருக்கும் காய்ந்த பேரீச்சையின் கொட்டையை முயல வேண்டாம். ஓமானிலிருந்து இந்தியாவுக்குப் போகும் அந்தச் சரக்கு பெரும்பாலும் மப்சலி ரகக் காயை அண்டாவில் கொதிக்க வைத்துக் காயப்போட்டது, கரு அப்போதே செத்திருக்கும். அடுத்தது, கன்று வளர்வது தமிழ்நாட்டில் சிரமமில்லை, பழம் பழுக்கும் நேரத்து மழைதான் சிரமம். தர்மபுரிப் பக்கம் பர்ஹி ரகம் வைத்து வெற்றி கண்டிருப்பது அதை மஞ்சள் காயாக இருக்கும்போதே பறித்துத் தின்னலாம் என்பதால்.

மிச்சமிருக்கும் ஜாடிக் கன்றுகள் இன்னும் பூக்கவில்லை. பெண் வந்தால் நாலைந்து வருஷத்தில் அடியில் பக்கக்கன்று வரும், அதற்கு அப்போது புதுப்பெயர்தான் வைக்க வேண்டும். அதுவரை ஆண் தூளைச் சேமிக்கிறேன். பிளக்கும் தறுவாயில் பாளையை வெட்டி, நிழலில் தாளின்மேல் சரங்களைத் தொங்கவிட்டு உலர்த்தி, உதிர்ந்த தூளைச் சலித்து, காற்றுப் புகாத சின்னப் புட்டியில் சிலிக்கா பொட்டலத்தோடு ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த வருஷப் பாளைக்கும் கை கொடுக்கும். புட்டியின்மேல் மரம், தேதி, இடம் மூன்றையும் எழுதி ஒட்டிவிடுகிறேன். ஜாடியில் மிஞ்சிய கொட்டைகளையும் அதே மாதிரி பொட்டலம் கட்டியாயிற்று. பெரியவர் சொன்ன மரப்பெயர்கள் அத்தனையையும் அவர் வாயால் சொல்லச் சொல்லி போனில் பதிந்து, எந்த மரம் எந்த வாய்க்கால் ஓரத்தில் நின்றது என்பதோடு சேர்த்து அந்தப் பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன்.